யார் வீட்டுப் புளியோதரை

என் அன்பு மலரக்கா,

நீங்கள் கண்மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. நம் அடையாறு ஆபீசில் உங்கள் நாற்காலியில் இப்போது ஜோதி உட்கார்கிறாள். குடிசைகளை அகற்றிக் குடியேற்றிய கண்ணகி நகரிலிருந்து பஸ் பிடித்து வருகிறாள். முகவரியைக் கேட்டதுமே பாதிப் பேருக்குச் சாதி தெரிந்துவிட்டதாக நினைப்பு. உங்களைப் போலவே டிபன் டப்பாவை மடியில் வைத்துத் திறக்கிறாள்.

இங்கே புது வழக்கம் ஒன்று வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் ஒரே மேசையில் பகிர்ந்து சாப்பிட வேண்டுமாம். 'இங்கே அனைவரும் சமம்' என்று மேனேஜர் மேடம் சுவரில் ஒட்டியிருக்கிறார். திடீரென்று இவர்களுக்கு என்ன வந்தது? எனக்கு நம்பிக்கையில்லை. போட்டோ எடுக்கும்போது ஜோதியின் டப்பாவுக்குள் நாலு ஸ்பூன் போகிறது. எடுத்து முடித்ததும் அதெல்லாம் வாய்க்குப் போகிறதா என்று கவனித்தேன். ஒருவர் ஓரமாக வைத்தார். இன்னொருவருக்கு வயிறு சரியில்லையாம்.

சரி, இவர்களைச் சந்தேகப்படும் நான் யோக்கியமா? உங்கள் டப்பாவை யாரும் தொடாத அந்த ஆறு வருடமும் நான் என்ன செய்தேன்? உங்கள் புளியோதரையை என் டப்பாவுக்கு மாற்றி, நான் செய்ததாகச் சொல்லிச் சுற்றுக்கு விட்டேன். "கோயில் பிரசாதமாட்டமா இருக்கு, சுமதி" என்று மேடம் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வார். உங்களுக்கு நல்லது செய்ததாகப் பூரித்துப்போவேன். நீங்கள் சிரிப்பீர்கள். அது என்ன சிரிப்பு, அக்கா?

போன வெள்ளிக்கிழமை ஜோதியின் எலுமிச்சை சாதத்தைச் சீண்ட ஆளில்லை. பழக்கதோஷத்தில் அவள் டப்பாவை எடுத்து என் டப்பாவில் கொட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா பண்றீங்க? எங்க வூட்டு சோறுன்னு சொல்லியே குடுங்க. இல்லாங்காட்டி வேணாம்."

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "நீங்க கேட்டுக் கேட்டு வாங்கின புளியோதரை நான் செஞ்சதில்ல. எல்லாம் மலரக்கா செஞ்சது."

மேடம் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். அன்று அவர் இன்னும் சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை.

ஜோதிதான் மெதுவாகக் கேட்டாள். "அவங்க இருந்தப்பவே சொல்லியிருக்கலாமேக்கா?"

வீடு திரும்பும்போதுதான் இன்னொன்று உறைத்தது. உங்கள் டப்பாவில் நானும் ஒருநாளும் கை வைத்ததில்லை. என் டப்பாவுக்கு மாறிய பிறகுதான் சாப்பிட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இல்லையா?

இந்த வெள்ளிக்கிழமை ஜோதியிடம் கேட்பேன். கொடுத்தால், அவள் டப்பாவிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவேன். கொடுக்காவிட்டால் கோபப்பட மாட்டேன். இது உங்களுக்குத் தரும் வாக்கு.

அக்கா என்று வாயால் மட்டும் கூப்பிட்ட உங்கள் தங்கை,
சுமதி