முழங்காலும் பலாமர மேசையும்

நெய்வேலி
22-8-1982

அன்பு மகன் ஹவில்தார் சிவப்பிரகாசத்துக்கு, பெல்ட் செக்‌ஷன் ஃபோர்மேனும் பதினோராம் ப்ளாக்கின் முடிசூடா மன்னனும் உனக்குச் சித்தப்பனுமாகிய சண்முகசுந்தரம் சகல பரிவாரங்களோடும் கூடி எழுதுவது. இங்கே உன் அம்மா, உன் சித்தி இசக்கியம்மாள், நான், ரேஷன் அரிசியில் கொழுத்த நம் பூனை உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீயும், உன் இடது முழங்கால் நீங்கலாக, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்த முழங்காலைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஆனால் ஊர்ச் செய்தியை முதலில் எழுதாவிட்டால் உன் சித்தி தபாலில் சேர்க்க விடமாட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பவுல்ராஜ் காடாம்புலியூர்ப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து நம் குவார்ட்டர்ஸில் இறக்கினார். அதை உள்ளே கொண்டுபோக வாசல் நிலையைப் பெயர்ப்பதா, மைன்ஸிலிருந்து கிரேன் வரவழைப்பதா என்று ப்ளாக்கே கூடி யோசித்தது. அறுத்தபோது எழுந்த வாசனைக்குப் பண்ருட்டி பஸ் ஒன்று வழி மாறி நம் தெருவுக்குள் வந்துவிட்டது என்று நான் சொன்னால் உன் சித்தி மறுக்கிறாள், அவளுக்கு அப்போது ஜலதோஷம். பவுல்ராஜை உனக்கு நினைவிருக்கும், மேல்பட்டாம்பாக்கத்துக்காரர், உன்னைப்போலவே பீரங்கிப் படையில் இருந்துவிட்டு என் செக்‌ஷனில் சேர்ந்தவர், தெருமுனையில் பேசினால் அடுத்த ப்ளாக்கில் பதில் சொல்வார்களே, அவர்தான். அவர் ஏன் பலாப்பழம் கொண்டுவந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன், முதலில் உன் கடிதத்துக்கு வருகிறேன்.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். குளிர்காலத்தில் குண்டுப் பெட்டியோடு பனியில் சறுக்கி விழுந்ததில் முழங்கால் இன்னும் சரியாகவில்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே, பட்டாளத்திலிருந்து வெளியே அனுப்புமுன் டாக்டர்கள் உட்காரும் போர்டில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிடப் போகிறேன், முழங்கால் கதை வெளியே தெரிந்தால் மைன்ஸில் வேலைக்கு எடுக்கமாட்டார்கள், காயத்துக்கான பென்ஷனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், காயத்தைக் காட்டிக் காசு கேட்பது பிச்சை எடுப்பது போல என்று எழுதியிருக்கிறாய். அன்று உன் அம்மா அழுத அழுகையில், சுரங்கத்து ஊற்றுத் தண்ணீரை இரவு பகலாக இறைக்கிற பம்புகளில் பாதியை நம் வீட்டுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தம்பி, போன லீவுல வந்தப்ப பிள்ளை ஒரு நாளாவது சம்மணம் போட்டு உட்காந்து சாப்பிட்டானா, நின்னுக்கிட்டே தின்னுட்டுப் பட்டாளத்துப் பழக்கம்னு சொன்னான், நீங்களும் சிரிச்சியளே என்றாள். சிரித்தேன்தான். நின்றுகொண்டு சாப்பிட்டால்தான் சாப்பாடு நேராகக் கீழே இறங்கும் என்று நானும் சேர்ந்து அளந்தேன். பெற்றவள் மட்டும் உன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

இனி பவுல்ராஜின் சங்கதி. எழுபத்தொன்று சண்டையில் கிழக்கு முனையில் பக்கத்திலேயே குண்டு வெடித்து அவருக்கு வலது காது போய்விட்டது. வெளியே வரும்போது ஏதாவது கோளாறு உண்டா என்று கேட்டதற்கு, கிறிஸ்துமஸுக்கு வீடு வந்து சேரும் அவசரத்தில், ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அதோடு விட்டாரா. இங்கே வேலைக்கு மெடிக்கல் பார்த்தபோது டாக்டர் பின்னால் நின்று, ஒரு காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லி, மெதுவாக எண் சொல்வாராம், கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நல்ல காதைப் பொத்துகிற முறை வந்ததும் நம் ஆள் உள்ளங்கையைக் கிண்ணம் மாதிரி குவித்து, விரலிடுக்கை விட்டுவைத்து, எல்லா எண்ணையும் நல்ல காதாலேயே கேட்டுச் சொல்லிவிட்டார். இரண்டு காதும் முதல் தரம் என்று டாக்டர் எழுதினார், வேலை பெர்மனென்ட் ஆயிற்று. இதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. பீரங்கிக்காரன் சத்தமாகத்தான் பேசுவான் என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

பிறகு ஒருநாள் காலை ஷிப்டில், மண் சுமந்து ஓடுகிற பெல்ட் நின்றிருந்தபோது அதன் அடியில் சிந்தின மண்ணை வாரிக்கொண்டிருந்தார். பெல்ட் ஓடுமுன் சைரன் ஊதும், செத்தவனும் எழுந்து விலகிக்கொள்வான், அப்படிப்பட்ட சத்தம். சைரன் வலதுபக்கத்திலிருந்து வந்தது. இடதுபக்கம் பம்பு வேறு இரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் விலகினார்கள், இவர் குனிந்தபடியே இருந்தார். நான் ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தேன், ஆள் என்மேல் விழுந்தார், மண்வெட்டி மட்டும் பெல்ட்டோடு போயிற்று. இந்த இடத்தில் நான் எதையும் கூட்டி எழுதவில்லை சிவப்பிரகாசம். அன்றைக்கு அவர் மனைவி மார்த்தாள் விதவையாகாமல் தப்பினாள், அவ்வளவுதான்.

அதன்பிறகுதான் உண்மையைச் சொன்னார், காதுக்காகப் பென்ஷன் கேட்டுப் பட்டாளத்துக்கும் எழுதினார். வந்த பதிலில் அவர் வாயாலேயே அவரை மடக்கியிருந்தார்கள். வெளியே போகும்போது கோளாறு இல்லை என்றாய், வேலைக்குச் சேரும்போது இரண்டு காதும் நன்றாக இருந்ததாக டாக்டர் எழுதியிருக்கிறார், சைரனும் பெல்ட்டும் இரைகிற இடத்தில் வேலை பார்க்கிறாய், காது சண்டையில்தான் போயிற்று என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதானே. சாட்சிக்கு அலைந்தார். கூட நின்ற பஞ்சாபிக்காரர் இறந்துபோயிருந்தார், இன்னொருவர் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார். கடலூரில் முன்னாள் பட்டாளத்தாருக்கான ஆபீசுக்கு அவர் நடந்த நடையில் அந்தத் தார் ரோடு தேய்ந்து கப்பி தெரிகிறது. வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் அவருடைய பழைய மேஜர் கோயம்புத்தூரில் இருப்பது தெரிந்து, அந்த நல்ல மனுஷர் தள்ளாத வயதில் நடந்ததை எழுதிக் கொடுத்து, இந்த மாதம்தான் உத்தரவு வந்தது. கைவிட்டுப்போன வருஷங்களுக்கு ஒன்றும் இல்லை, இனிமேலுக்குத்தான். அதற்குத்தான் அந்தப் பலாப்பழம்.

நான் உன் கடிதத்தைச் சொன்னதும் மனுஷர் பலாச்சுளையைக் கீழே வைத்துவிட்டார். அண்ணே, தம்பிக்கு என் கதைய அப்படியே எழுதுங்க, வெக்கமெல்லாம் ஒண்ணும் பாக்காதீங்க, டாக்டர ஏமாத்திட்டேன்னு எத்தினி நாளு சிரிச்சிகினு இருந்தேன் தெரியுமா, நான் ஏமாத்தனது மார்த்தாளையும் புள்ளைங்களையும்தாங்க என்றார். மார்த்தாள் உடனே, இவரு ஒரு காதுல கேக்காதத சாக்கு வெச்சிகினு நான் சொல்றத ரெண்டு காதுலயும் வாங்க மாட்டாரு, அதையும் எழுதுங்கண்ணே என்றாள். எழுதிவிட்டேன். தன் மானத்தையே எடுத்து உன் காலுக்குக் கட்டுப்போடக் கொடுத்த அந்த மனுஷருக்கு நம் குடும்பம் என்றைக்கும் கடன்பட்டது.

வேலை கைநழுவிவிடும் என்று பயப்படுகிறாயே, பவுல்ராஜும் அதே பயத்தோடுதான் உள்ளதைப் போய்ச் சொன்னார். கொஞ்சம் கடிந்துகொண்டார்கள், பிறகு பெல்ட்டிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் உட்கார வைத்தார்கள். உனக்கும் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைக்கும் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன், கிடைக்காவிட்டால் வேறு பார்ப்போம். முழங்காலை மறைத்து மைன்ஸுக்குள் இறங்கி, சைரன் ஊதும்போது எழுந்திருக்க முடியாமல் போனால், உன்னை இழுக்க நான் அங்கே இருக்கமாட்டேன், அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறேன். பிச்சை என்று மட்டும் இன்னொரு தரம் எழுதாதே. எங்கள் மைன்ஸில் விரல் நசுங்கினால் ஷிப்ட் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும், மறுநாள் போய்ச் சொன்னால் வீட்டில் அம்மி நகர்த்தினாயா என்பார்கள். அதைச் சொல்கிறவனை யாரும் பிச்சைக்காரன் என்பதில்லை. நீயும் உன் ஷிப்ட் முடிவதற்குள் சொல்லிவிடு. உன்னைப் பனியிலிருந்து தோளில் தூக்கிவந்த சிங் இன்று உன் பாரக்கிலேயே இருக்கிறார், முதலில் கட்டுப்போட்ட டாக்டரும் அங்கேயே இருக்கிறார். இன்றைக்கே இரண்டு பேரிடமும் எழுதி வாங்கு, நகலை எனக்கு அனுப்பு. சிங்கின் வீட்டாருக்கு எங்கள் கும்பிடைச் சொல், அவர் தோளுக்குத் தங்கக் கவசம் செய்யச் சொல்லியிருக்கிறேன், தங்கம்தான் இன்னும் வாங்கவில்லை. உன்னை உயிரோடு கொடுத்ததற்காக உன் அம்மா திருவதிகைக் கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள். எனக்கும் அன்றைக்கு வேடிக்கைப் பேச்சு ஒன்றும் வரவில்லை.

போர்டில் உன்னை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்வார்கள். வலித்தால் வலிக்கிறது என்று சொல், எங்கே வலிக்கிறதோ அங்கே கையை வைத்துக் காட்டு. ஒரு சொல் கூட்டாதே, அது உன் சித்தப்பன் தொழில். ஒரு சொல் குறைக்கவும் செய்யாதே.

உன் அம்மா பண்ருட்டி ஆசாரியிடம் சொல்லிப் பலாமரத்தில் ஒரு சாப்பாட்டு மேசையும் நாற்காலியும் செய்து வாங்கியிருக்கிறாள். மேசை சமையலறைக்குள் நுழையாததால் கூடத்தில் கிடக்கிறது, நான் தினமும் அதில் இடித்துக்கொள்கிறேன், என் காயத்துக்குப் பென்ஷன் கொடுப்பாரில்லை. நாற்காலியில் மட்டும் யாரையும் உட்காரவிடமாட்டேன் என்கிறாள். தீர்க்காயுசாக இருந்து, வந்து உட்கார்ந்து சாப்பிடு.

உன் அம்மா பார்வதி, சித்தி இசக்கியம்மாள் ஆகியோரின் ஆசிகளுடன்,
உன் சித்தப்பன்
கு. சண்முகசுந்தரம்