புது டிஸ்க் மாட்டிய தேதி

செப்டம்பர் 8, திங்கள்

சிதம்பரத்தில் பஸ் ஏறியதும் ஜன்னலோரம் கிடைத்த சந்தோஷம் புதுச்சத்திரம் வரைகூட நிலைக்கவில்லை. அதற்குள் பதினோரு புகார்களை ஞானசேகரன் சார் என் போனுக்குத் தள்ளிவிட்டிருந்தார். எல்லாம் ஒரே பாட்டு. பக்கம் திறக்கவில்லை, கேள்வித்தாள் இறங்கவில்லை, மாதிரித் தேர்வு பாதியில் நிற்கிறது.

போன வியாழக்கிழமையிலிருந்து இப்படித்தான். எழுதிப் பார்த்தாலாவது புத்தி தெளிகிறதா பார்ப்போம். சார் நடத்தும் போட்டித் தேர்வுத் தளத்தில் நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். அக்டோபர் 12 தேர்வு. அத்தனை பேருக்கும் முதலில் பதில் சொல்வது மஞ்சக்குப்பம் ஆபீஸ் மாடியில் இருக்கும் கேச் சர்வர். ஒருவர் கேட்ட பக்கத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்டால் சட்டென்று எடுத்து நீட்டுகிற மெஷின். நாலு வருஷமாக அது என் பொறுப்பு. வழக்கமாக ஒரு நொடிகூட ஆகாது. இன்று மாலை ஒன்பது நொடி.

போன புதன்கிழமை என்ன மாறியது? ஆபீஸில் லைன் வேலை பார்க்கும் சார்லஸ், மெஷின்களை இணைக்கிற பழைய நெட்வொர்க் சுவிட்சைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். கேபிள் எல்லாவற்றையும் புதிதாக இழுத்தார். மறுநாளே தகராறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாரிடம் அப்படியே சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சார்லஸ் வந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. கடலூர் முதுநகர்க்காரர். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரோடு இருக்கலாம் என்று வந்தவர். மகளை இந்த ஜூனில்தான் இங்கே யூகேஜியில் சேர்த்தார். முப்பதாம் தேதி அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்.

சார் இன்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "நல்லா ஓடிட்டு இருந்ததுல கைய வெச்சியே, இப்ப யாருய்யா பதில் சொல்றது?"

சார்லஸ் கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, சோதித்து, மறுபடி மாட்டினார். மதியம் சாப்பிடவும் போகவில்லை. ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த டிஸ்க் லைட்டு அணையவே மாட்டேங்குது பாருங்க."

"பிஸியான சர்வர்னா லைட்டு எரியத்தான் செய்யும். நீங்க கேபிள பாருங்க சார்லஸ்."

"மெமரியும் ஃபுல்லா இருக்குற மாதிரி தெரியுது..."

"லினக்ஸ்ல மெமரி எப்பவுமே ஃபுல்லாத்தான் காட்டும்." பக்கத்து மேஜைக்கும் கேட்கிற மாதிரி பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேபிளுக்கே திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 10, புதன்

லால்பேட்டையிலிருந்து ஜுலைஹா என்று ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காலைல ஆறுலேருந்து ஏழு வரைக்கும்தான் போன் என் கையில இருக்கும். அப்பறம் அண்ணன் கடைக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க. அந்த ஒரு மணி நேரமும் உங்க சைட்டு சுத்திக்கிட்டே கெடக்கு. ஒரு பேப்பரு முடிக்க முடியல."

"பாத்துட்டு இருக்கோம்மா" என்றேன். இந்த வாரத்தில் எத்தனையாவது தடவையோ.

மனசு கேட்கவில்லை. கேச்சுக்கு ஆறு ஜிபி மெமரி கொடுத்திருந்தேன், ஒன்பதாக ஏற்றி ரீஸ்டார்ட் செய்தேன். அரை மணி நேரம் பறந்தது. சாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன், அதற்குள் பழைய குருடி. பழையதைவிட மோசம்.

செப்டம்பர் 11, வியாழன்

பதினான்கு நொடி. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. கட்டிக்கொண்ட மாமாவோடும்தான்.

செப்டம்பர் 13, சனி

சார்லஸ் விடியற்காலையிலேயே வந்து, புது சுவிட்சைக் கழற்றிப் பழையதை மாட்டியிருக்கிறார். கேபிளும் பழையதே. பத்து நாளுக்கு முன்னால் இருந்த மாதிரியே எல்லாம். ஆனாலும் பக்கம் திறக்கப் பன்னிரண்டு நொடி.

அப்படியானால் சுவிட்ச் காரணமில்லை என்றுதானே அர்த்தம்? எனக்கு அது உறைக்கவில்லை. உறைத்தது, ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. "கழட்டி மாட்டும்போது வேற எதாவது டேமேஜ் ஆயிருக்கும்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மாலையில் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முப்பதாந்தேதியோட அவரை அனுப்பிடலாம்னு இருக்கேன். நீ என்னம்மா சொல்ற?"

நான் எதுவும் சொல்லவில்லை. அதுவே ஒரு பதில்தான்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இன்று சண்டை போடாமல், யாரையும் குறை சொல்லாமல், எண்களை மட்டும் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை மெஷினின் நிலவரத்தை எழுதவைத்து இரண்டு மணி நேரம் பார்த்தேன். பிராசஸர் சும்மா இருக்கிறது. லைனில் பாதிகூட ஓடவில்லை. சார்லஸின் கேபிள் சுத்தமாக இருக்கிறது. டிஸ்க் மட்டும் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிறது. விளக்கு அணையவே இல்லை. அவர் அன்றைக்கே சொன்னார்.

டிஸ்க் அப்படி எதைத்தான் படிக்கிறது? மாணவர்களுக்கான பக்கங்களை அல்ல. மெமரியில் இடம் போதாமல், அதிலிருப்பதை டிஸ்கில் இறக்கி வைப்பதும், தேவைப்படும்போது திரும்பத் தூக்குவதுமாக இருக்கிறது. யார் எதைக் கேட்டாலும் முதலில் இந்த இறக்கல் ஏற்றல். நான் ஒன்பது ஜிபி ஆக்கியது இடிக்கிற கூட்டத்தில் இன்னும் நாலு பேரை ஏற்றிவிட்ட வேலை.

ஆனால் நாலு வருஷமாக அதே பதினாறு ஜிபி மெமரிதானே. ஏன் திடீரென்று போதவில்லை? எது பெரிதானது?

டிஸ்க்.

டிஸ்கில் இருக்கிற ஒவ்வொரு நகலுக்கும், அது எங்கே இருக்கிறது என்ற குறிப்பு ஒன்று மெமரியில் இருந்தாக வேண்டும். எங்கள் கேள்விகள் எல்லாம் சின்னச் சின்னப் படங்கள், கோடிக்கணக்கில். டிஸ்க் பெரிதானால் குறிப்புகளும் பெருகும்.

இதே டைரியைப் பின்னால் புரட்டினேன். ஆகஸ்ட் 13, என் கையெழுத்து: "புது டிஸ்க் மாட்டியாச்சு. பழையதைப் போல நாலு மடங்கு. இனி யாரும் வாயைத் திறக்க முடியாது. ஆபீஸுக்கே ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன்."

மாட்டிய அன்றே சர்வர் படுத்திருந்தால் தெரிந்திருக்கும். அது காலி டிஸ்க். நிரம்ப மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. மூன்றாவது வாரம், சொல்லிவைத்த மாதிரி, சார்லஸ் சுவிட்சை மாற்றினார்.

அடக் கடவுளே. நான்தானா.

செப்டம்பர் 17, புதன்

காலையிலேயே டிஸ்கில் கேச்சுக்கான இடத்தைப் பழைய அளவுக்குக் குறைத்தேன். மெமரியை ஆறுக்கே இறக்கினேன். பதினொன்றரைக்கு டிஸ்க் விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது. பக்கம் திறக்க முக்கால் நொடி. சாயங்காலக் கூட்டத்திலும் முக்கால் நொடிதான்.

"செல்வின்னா செல்விதான்!" என்றார் சார். "அந்தாளு கெடுத்து வெச்சத நீ சரி பண்ணிட்ட." எல்லாரும் கை தட்டினார்கள். சார்லஸும் தட்டினார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

மாமா கேட்டுவிட்டார். "சர்வரு சரியாயிடுச்சுன்ற, மூஞ்சி மட்டும் ஏன் இன்னும் சரியாவல?" மேல வீதியில் மருந்துக்கடையை மூடிவிட்டுச் சாப்பிட வந்த மனுஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நாலு வருஷம் கட்டிக் காத்த பேரு மாமா, ஒரே நாள்ல போயிடும்னு பயமா இருக்கு என்றேன்.

அவர் சாதத்தைப் பிசைந்தபடி, "அந்தப் புவனகிரிப் பெரியவரு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

எப்படி மறக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாமா அவருக்கு சர்க்கரை மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. பேர் தெரியாது, தெரு தெரியாது. கடையை அப்படியே சாத்திவிட்டு வண்டியில் புவனகிரிக்குப் போய் தெருத் தெருவாக விசாரித்து, அவர் வாயில் போடுவதற்குள் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"நாக்கப் புடுங்குற மாதிரி கேட்டாரே அந்தாளு" என்றேன்.

"கேட்டாரு. இன்னிக்கும் நம்ம கடைக்குத்தான் வர்றாரு." எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

செப்டம்பர் 22, திங்கள்

சொல்லிவிட்டேன். சார் தனியறைக்கு வா என்றார், வேண்டாம் சார், எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன் என்று நின்றபடியே சொன்னேன்.

சாருக்குப் புரியவில்லை. "பெருசா வாங்கிப் போட்டா எப்படிம்மா மெதுவாவும்?"

"நம்ம சிதம்பரம் கோயில் கீழ சன்னதியில செருப்பு ஸ்டாண்டு இருக்குல்ல சார். ஒரே ஆளு. டோக்கன் எல்லாம் பக்கத்துல ஒரு பலகையில மாட்டியிருக்காரு, டக்குனு எடுத்துடுறாரு. செருப்பு வெக்கிற இடத்த மட்டும் நாலு மடங்கு பெருசாக்கிட்டோம், பலகை அதே பலகை. மிச்ச டோக்கன மூட்டை கட்டி உள் ரூம்ல போட்டுட்டாரு. இப்ப யாரு வந்து கேட்டாலும் உள்ள ஓடி மூட்டைய அவுக்கணும். அந்த எடத்த பெருசாக்குனது நான். சார்லஸ் சுவிட்ச் மேல ஒரு தப்பும் கிடையாது. அவரு டிஸ்க் லைட்ட பாருங்கன்னு மொத நாளே சொன்னாரு, நான்தான் வாய அடைச்சேன்."

சார், "அன்னிக்கு ஜிலேபி தின்னமே, அது இதுக்கா?" என்றார். யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சார் சார்லஸ் பக்கம் திரும்பினார். "எல்லாரு முன்னாடியும் கேட்டேன். எல்லாரு முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சுக்கய்யா."

சார்லஸ் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். "பெங்களூருக்கே திரும்பப் போறோம்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் மேடம். ரெண்டு நாளு அழுதுச்சு." அவ்வளவுதான். கீழே இறங்கிப் போய்விட்டார்.

கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். பஸ்ஸில் ஆலப்பாக்கம் வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது, அதையும் எழுதத்தான் வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

மூன்று நாளாக சார்லஸ் என்னோடு பேசவில்லை. இன்று மேஜைக்கு வந்து நின்றார்.

"அந்தப் பழைய டிஸ்க்கு சும்மாதான கெடக்கு மேடம். யாரு யாரு வந்து போனாங்கன்னு சர்வர் எழுதிக்கிட்டே இருக்கே அந்த லாக், அத மட்டும் பழைய டிஸ்க்குக்கு மாத்துனா என்னா? ஒரே டிஸ்க்கு எழுதவும் படிக்கவும் ஏன் அல்லாடணும்?"

எனக்கு ஏன் தோன்றவில்லை? செய்தோம். முக்கால் நொடி அரை நொடியானது.

அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து சர்வர் ரேக்கில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டார். "இனிமே யாரு எதுல கைய வெச்சாலும் தேதி, பேரு, என்னா மாத்துனோம்னு இதுல எழுதிடணும்." இரண்டாவது வரியில் செப்டம்பர் 3, புது சுவிட்ச், சார்லஸ் என்று அவரே எழுதியிருந்தார். முதல் வரி காலி.

பேனாவை வாங்கி எழுதினேன். ஆகஸ்ட் 13, புது டிஸ்க், செல்வி. சார் வந்து படித்துவிட்டு, பாடம், விடை போட்டாலும் மாற்றினாலும் இதில்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சார்லஸுக்கு நிரந்தர ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. அவர் எல்லாருக்கும் ஜிலேபி வாங்கி வந்தார். என்னிடம் நீட்டும்போது, "பயப்படாம எடுங்க மேடம், இந்தத் தடவ டிஸ்க்கு எதுவும் மாட்டல" என்றார். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

அக்டோபர் 11, சனி

நாளை தேர்வு. இன்று காலையிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் ஜாஸ்தி கூட்டம். அரை நொடி. சில நேரம் அதற்கும் கீழே. சார்லஸும் நானும் மாறி மாறிப் போய் டிஸ்க் விளக்கைப் பார்த்துவிட்டு வந்தோம். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, ஆசைக்குத்தான்.

மூன்று மணிக்கு ஜுலைஹா போன். "அக்கா, இருபத்தஞ்சு பேப்பரும் முடிச்சிட்டேன். கடைசி பேப்பருல நாப்பத்தேழாவது கேள்விக்கு விடை தப்பா போட்டிருக்கீங்க. வேற யாரும் சொல்லலையா?"

எனக்குப் பிடிபடாத சந்தோஷம். பக்கம் திறக்கவில்லை என்று அழுத பெண், இருபத்தைந்து தாளையும் முடித்துவிட்டு எங்களிடம் தப்புக் கண்டுபிடிக்கிறாள். ஸ்பீக்கரில் போட்டேன். சார் எட்டிப் பார்த்துக் கேள்வியைப் படித்தார். அவள் சொன்னதுதான் சரி.

"யாருய்யா இத போட்டது?" என்றார் சார், பழைய குரலில்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் எல்லாரும் குனிந்திருப்போம். சார்லஸ் எழுந்து போய் நோட்டை அவிழ்த்துக் கொண்டுவந்தார். இரண்டு பக்கம் புரட்டினார். உதட்டைக் கடித்துக்கொண்டு நோட்டை அப்படியே சாரிடம் நீட்டினார்.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அப்புறம் போனுக்குக் குனிந்து, "தப்பு நான் பண்ணதும்மா. நான்தான் போட்டேன். இப்பவே மாத்திடுறேன். நாளைக்கு நல்லா எழுது" என்றார்.

விடையை மாற்றிவிட்டு அவரே நோட்டில் எழுதினார். கேள்வி எண், தேதி, ஞானசேகரன்.

"டைமும் போடணும் சார்" என்றார் சார்லஸ்.

சார் கடிகாரத்தைப் பார்த்து டைமும் போட்டார்.