தேநீர் இடைவேளைக்குள் எத்தனை ஓட்டம்

அக்கா,

அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில், நீ பாயில் இருந்துகொண்டு தலை சாய்க்கும் சுவரில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. சித்திரைக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்த இடத்தை மட்டும் அப்பா தொட விடவில்லை. இன்று டிவியில் டெஸ்ட் போட்டி தொடங்கியதும் என் கண் அங்கேதான் போனது.

அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போனதும், குசினியில் சமையலைப் பார்க்க ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள் நான். நீ படித்தாய். அப்பாவுக்கு வட்டையில் வயல்வேலை இல்லாத நாட்களில் அவரோடு ஐந்து நாளும் ஆட்டம் பார்த்தாய். மதியச் சாப்பாட்டுக்குப் பின் உங்களுக்குள் ஒரு பந்தயம். தேநீர் இடைவேளைக்குள் எத்தனை ஓட்டம் வரும்? தோற்றவர் தேத்தண்ணி போட வேண்டும்.

“நூத்தியிருவது” என்பாய் நீ.

“உனக்கு விசரா மனே? இது ஒருநாள் ஆட்டமில்ல” என்பார் அப்பா. மகள் உன்னை அவர் செல்லமாகக் கூப்பிடுவது “மனே”.

“அடிச்சாத்தான் அப்பா, ஸ்லிப்பில நிக்கிறவன கப்டன் பவுண்டரிக்கு அனுப்புவான். பயந்து தட்டிக்கொண்டு நிண்டா, சுத்தி வளைச்சிருவானுகள்.”

அப்பா சிரிப்பார். யார் தோற்றாலும், “புள்ள, தேத்தண்ணி!” என்ற குரல் குசினியில் நிற்கும் எனக்குத்தான் வரும்.

பழைய பந்து திரும்பத் தொடங்கினால் பொறுத்துத்தான் ஆட வேண்டும் என்று குசினி வாசலில் நின்றே நானும் படித்திருந்தேன். உன்னைப் போல வாயடிக்க எனக்கு வராது. நீ வென்றாலும் எனக்குள் எரிந்தது, தோற்றாலும் எரிந்தது. போன மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் அது அணையவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

இன்று மதியம் அப்பா சுவரைப் பார்த்தபடி, “தேத்தண்ணிக்குள்ள எத்தின வரும்?” என்றார்.

“அறுபது” என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். “அவள் எண்டா நூத்தியிருவது சொல்லியிருப்பாள். அதுதான் என்ட கணக்கும்.”

“பந்து திரும்புது அப்பா. ரெண்டு பேரும் இப்பதான் வந்தவங்க. அடிக்கமாட்டாங்க.”

ஐம்பத்தெட்டு வந்தது.

அப்பா எழுந்து குசினிக்குப் போனார். நான் முதல் தடவையாக உன் பாயில் போய் இருந்தேன்.

கோப்பையைக் கையில் தந்து, “குடி மனே” என்றார். ஒரு மிடறு குடித்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, மூன்று கரண்டி சீனி. உன் தேத்தண்ணி. நான் சீனி இல்லாமல் குடிப்பவள் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

“சரியா?”

“ஓம் அப்பா.”

அந்த இனிப்பு இன்னும் தொண்டையில் நிற்கிறது. நாளையும் ஆட்டம் இருக்கிறது அக்கா. நாளையும் வெல்வேன். சீனி வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா, தெரியவில்லை.