சளி என்று சொல்லிவிட்டேன்

அண்ணா,

இன்று காலை கல்லூரி ரசாயனக் கூடத்தைத் திறந்து, அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன். குச்சியை உரசப் போன நேரத்தில் உதவி வாத்தியார் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "காஸ் நாத்தம் குடலைப் புடுங்குது, உங்களுக்குத் தெரியலையா?" என்றார். நான் குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டேன். பிள்ளைகள் நிறைந்திருக்கும்போது இது நடந்திருந்தால்? நினைக்கவே முடியவில்லை.

உங்கள் கருமாதிக் காரியம் முடிந்த ஈரம்கூட இன்னும் காயவில்லை.

நாம் இருவரும் ஒன்றாக இங்கே அட்டெண்டராகச் சேர்ந்தவர்கள். ஆசிட் ஜாடிகளைத் திறந்து மூடியே என் மூக்கு செத்துப்போனது. முதலில் பூ வாசனை போயிற்று. பிறகு வீட்டில் ரசம் கொதிப்பது. கடைசியில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்தப் புட்டியும். வாத்தியார்களெல்லாம் கைக்குட்டையோடு வெளியே ஓட, நான் மட்டும் சாவகாசமாக மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். வேலை போய்விடும் என்று நான் அழுதேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"பாக்கறதுக்கு அழகாத்தான் இருக்குதுங்க உங்க மூக்கு. மோந்து பாக்கற வேலைய எனக்கு உட்டுருங்க சாமி."

அன்றிலிருந்து காலையில் நீங்கள்தான் முதலில் உள்ளே போவீர்கள். ஒவ்வொரு குழாயாக மோந்து பார்த்து, சன்னல்களைத் திறந்துவிட்டு, "வாங்க, பத்த வைக்கலாமுங்க" என்பீர்கள். அதற்குப் பிறகே நான் குச்சியை உரசுவேன். நீங்கள் போன பிறகு, வெறும் தைரியத்தில் உரசிக்கொண்டிருந்தேன்.

மதியம் பெரிய வாத்தியார் கூப்பிட்டனுப்பினார். "எப்பலேருந்து இப்படி? மறைக்காம சொல்லும். இந்தக் கூடத்துலயே கிடந்து வருஷக்கணக்கா மூக்கு போயிருந்தா, நிர்வாகத்துக்கு எழுதி வேற வேலை வாங்கித் தரலாம்" என்றார்.

உண்மை நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அத்தனை வருஷம் என்றால், கூடவே இருந்தவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. உங்கள் நல்ல பெயருக்காகத்தான் அண்ணிக்கு விடுதிச் சமையலில் வேலை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

"போன மாசம் சளி புடிச்சதுங்க. அதுலருந்துதானுங்க" என்றேன்.

"சளிக்கு நான் என்னன்னு எழுதறது?" என்றார். அவருக்கும் வருத்தம்தான். இந்த மாதத்தோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

யுத்தக் காலம். அரிசிக்கே வரிசையில் நிற்கிறோம். பெண் கல்யாணத்துக்கு நிற்கிறாள். மூக்கில்லாத கிழவனுக்கு இந்தச் சேலத்தில் யார் வேலை கொடுப்பார்கள்? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது அண்ணா. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? எனக்காக அத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தீர்கள். இனி அந்த ரகசியம் என்னிடம் இருக்கிறது. என்னோடு போகட்டும்.

மாலையில் விடுதிப் பக்கமாக வந்தேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"அவரு போனாலும் நீங்க இங்க இருக்கறீங்கங்கற தைரியத்துலதானுங்க நான் இருக்கறேன்" என்றார்கள்.

"ஆமாங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.