மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டு

மஸ்கெலியா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தை, லோஜினி, நான் மூவரும் நல்ல சுகம். அங்கே நீங்களும் உங்களைச் சுமக்கிற கப்பலும் சுகமாக இருக்க வேண்டும்.

"கொம்பியூட்டர் சரியாகிவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் போட்டேன். நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு மறுபடி சிக்னல் இல்லாத கடலுக்குப் போய்விட்டீர்கள். நடந்ததெல்லாம் ஒரு கட்டைவிரலில் அடங்காது மச்சான். உங்கள் கப்பலில் வேலைக்குச் சேரப் போகிற நோர்வூட் அழகன் நாளைக்குக் கொழும்புக்குப் புறப்படுகிறார். அத்தை இடித்த மிளகாய்த்தூளோடு இந்தக் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் தங்கச்சி லோஜினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதாக இருந்தாள். பாஸ்போர்ட்டும் எடுத்துவிட்டாள். ஏஜென்சிக்காரர் திங்கட்கிழமை மெடிக்கலுக்கு வரச் சொல்லியிருந்தார். உங்களுக்குச் சொல்லலாம் என்றேன். "வேணாம் அண்ணி, அண்ணனுக்குத் தெரிஞ்சா என்னை நிப்பாட்டுறதுக்காகவே இன்னொரு தடவ கப்பலுக்கு சைன் வச்சிருவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை.

அதற்கு நடுவில்தான் கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்புக் கம்பனி, வீட்டிலிருந்தே தமிழ் டைப் செய்ய ஆள் தேடுவதாக றுமைஸா சொன்னாள். மஸ்கெலியா டவுனில் போன் கடை வைத்திருக்கிறாளே, என்னோடு படித்த அதே றுமைஸாதான். லோஜினி விண்ணப்பித்தாள். சனிக்கிழமை காலை இன்டர்நெட்டில் பரீட்சை என்று பதில் வந்தது. வியாழக்கிழமை பின்னேரம் இடி விழுந்தது.

லயத்து வரிசை வீடுகள் முழுக்க ஒரு வெளிச்சம். மேசைக்கடியில் "டப்" என்று ஒரு சத்தம், பிறகு கருகிய வாசம். நீங்கள் போகும் முன் பாகம் பாகமாகப் பூட்டித் தந்த கொம்பியூட்டர் அதோடு மூச்சை விட்டது. ஹட்டன் கடைக்காரர் போனிலேயே கேட்டுவிட்டு, உள்ளே கரண்ட் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டிதான் போயிருக்கும், ஆனால் அடுத்த கிழமைதான் பார்க்க முடியும் என்றார். லோஜினி உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்தாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது. "அந்த பவர் சப்ளைய மட்டும் பஸ்ஸுல குடுத்து விடுங்க, நாங்களே பூட்டிக்கிறோம்" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கொண்டக்டர் பெட்டியைக் கொடுத்ததும், றுமைஸா கடையை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டாள். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டுத்தான் திறந்தோம், பயப்படாதீர்கள். பழையதை வெளியே எடுத்துவிட்டுப் புதியதைப் பிரித்தால், ஐயோ மச்சான், அவிழ்த்துவிட்ட சடை மாதிரி எத்தனை வயர், எத்தனை பிளக்! யூடியூபில் பார்த்தால் அங்கே எல்லா வயரும் கறுப்பு. நம்முடையதில் வானவில்லின் நிறமெல்லாம் இருந்தது.

நீளமான பெரிய பிளக், கொம்பியூட்டருக்குள் இருந்த மதர்போர்டின் ஓரத்தில் அழகாக உட்கார்ந்துகொண்டது. சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது! றுமைஸா கைதட்டினாள். ஆனால் திரை இருட்டாகவே இருந்தது. அடுத்த நிமிடமே மூவரும் மறுபடி தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

கரண்டை மறுபடி கழற்றிவிட்டு, போன் வெளிச்சத்தில் தேடினோம். பிராசஸர் பக்கத்தில் நாலு ஓட்டையோடு ஒரு சொக்கட் காலியாக இருந்தது. எங்களிடம் மிச்சமிருந்ததோ எட்டுக் கால் பிளக். அது எப்படிப் போகும்? அந்த நேரம் பார்த்து, பெரிய பிளக்கின் நுனியிலிருந்து நாலு கால் துண்டொன்று தனியாகக் கழன்று றுமைஸா கையில் வந்தது. "அல்லாஹ், இதுதான்டி அது!" என்று அதை அந்தக் காலிச் சொக்கட்டில் குத்தப் போனாள். போகவில்லை. "கொஞ்சம் அமத்துனா போயிரும்" என்றாள். நானும் விரலை வைத்து அழுத்தப் போனேன். ஏனோ மனசு ஒப்பவில்லை.

செத்துப்போன பழைய பவர் சப்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை நாளும் அந்தச் சொக்கட்டில் இருந்த பிளக் எது என்று அதில் தேடினேன். நாலு கால், மஞ்சள் வயர் இரண்டு, கறுப்பு இரண்டு. றுமைஸா கையிலிருந்த துண்டில் சிவப்பும் செம்மஞ்சளும் கலந்திருந்தன. அது வேறு, இது வேறு! எட்டுக் கால் பிளக்கைப் பார்த்தால் நாலு மஞ்சள், நாலு கறுப்பு. லோஜினி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணி, இது ரெண்டா பிரியுது!" என்று கத்தினாள். மஞ்சள் இரண்டு, கறுப்பு இரண்டாகப் பிரிந்த ஒரு பாதி, "க்ளிக்" என்று உள்ளே போனது. கழன்ற துண்டையும் பெரிய பிளக்கோடு சேர்த்துத் திரும்பப் பூட்டினோம்.

அத்தை அதற்குள் "வெடிச்சுக் கிடிச்சுப் போகும்டி, எல்லாரும் வெளிய வாங்க" என்று வெளி இஸ்தோப்புத் திண்ணையில் நின்று கத்திக்கொண்டிருந்தார். றுமைஸா பிஸ்மில்லாஹ் சொல்ல, அத்தை முருகா என்று கூப்பிட, நான் பட்டனை அமத்தினேன். திரையில் வெளிச்சம் வந்தது மச்சான். நம் கல்யாணப் படம் வந்தது. வெளியே போகச் சொன்ன அத்தைதான் முதலில் ஓடி வந்து, திரையில் உங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். லோஜினி சிரித்துக்கொண்டே அழுதாள்.

சனிக்கிழமை பரீட்சை எழுதினாள். திங்கட்கிழமை மெடிக்கலுக்குப் போகவில்லை. முடிவு வரட்டும் என்று நான்தான் பிடித்து நிறுத்தினேன். புதன்கிழமை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டதாகக் கம்பனியிலிருந்து சொன்னார்கள். அன்றைக்கே ஏஜென்சிக்காரருக்கு அவளே போன் எடுத்து, "நான் வரல்லைங்க, எனக்கு இங்கயே வேலை கெடச்சிருச்சு" என்றாள். அந்தக் குரலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். இதை எழுதும்போதும் பக்கத்தில் டைப் அடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். அந்தச் சத்தம் தகரத்தில் மழை விழுவது மாதிரி இருக்கிறது.

டவுனில் எங்கள் பெயர் பரவிவிட்டது. பாலர் பாடசாலை டீச்சர் தன் பழைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் கடையின் பின்பக்கம் ரிப்பெயருக்கு ஒரு மேசை போடலாம் என்கிறாள் றுமைஸா. "ஒன் மச்சான் வந்தா, அவருக்கும் ஒரு கதிர போடுவோம்" என்று சிரிக்கிறாள்.

தைப்பொங்கலோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறதென்று அத்தை தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் உங்கள் கம்பளியை மட்டும் வெயில் கண்ட நாளில் காயப்போட்டு எடுத்து வைத்தேன்.

மாரியம்மா உங்கள் கூடவே இருக்கட்டும். உங்களைக் கூட்டிப்போன கடல், பத்திரமாகக் கரையில் கொண்டுவந்து விடட்டும்.

உங்கள்
தனுஷிகா