அம்மா, உன் காலில் கட்டிய துண்டு

என் நெட்டை அம்மாவுக்கு,

உன் வாயாலேயே ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு உனக்கு முதலில் வலித்தது எங்கே? காலிலா, முதுகிலா? பதில் வராது என்று தெரியும். நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டே பிழைப்பு நடத்துகிறவள் நான், பழக்கம் விடவில்லை.

முதலில் நம் வீட்டுச் செய்தி. நீ விட்டுப்போன ஆறு வயதுக் குழந்தை அரசு விடுதிச் சோறு தின்று டாக்டராகி, இப்போது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அப்பா என்னோடுதான் இருக்கிறார். எண்பது வயதாகிறது, பேப்பர் படித்துவிட்டு ஒரு கட்சி பாக்கி இல்லாமல் திட்டுகிறார். அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. எந்த முடிச்சையும் அவிழ்க்க மாட்டார். கடையில் வாங்கிவந்த இட்லிப் பொட்டலத்தின் நூலைக்கூட என்னிடம் நீட்டுவார். மூட்டுவலி என்று நினைத்திருந்தேன்.

போன வாரம் காலையில் நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயியைத் தூக்கிவந்தார்கள். வயலில் நின்றவர் வலது கால் மரத்துப்போய் விழுந்துவிட்டாராம். "பாம்புதாங்க டாக்டர், சேத்துல கண்ணுக்குத் தெரியல" என்றார் அவர் மனைவி. தொடையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். கால் சில்லென்று இருந்தது. அப்படிக் கட்டினால் சில்லிடத்தானே செய்யும்? வயலிலிருந்து கால் மரத்து வந்தால் பாம்பு என்றுதான் இங்கே நாங்களும் நினைப்போம்.

கடிவாய் தேடினேன், இல்லை. விஷம் ஏறினால் தொங்கும் இமையும் தொங்கவில்லை. ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்துப் பார்த்தோம். விஷம் இருந்தால் உறையாது, இதுவோ இருபது நிமிடத்தில் ஒழுங்காக உறைந்திருந்தது. எதற்கும் விஷமுறிவு மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு, மெல்லக் கட்டை அவிழ்த்தேன். கால் சூடாகும் என்று காத்திருந்தேன். ஆகவில்லை. துண்டு கட்டிய இடத்துக்கு மேலே, தொடையிடுக்கிலும் நாடி இல்லை. இது என்ன கூத்து என்று எனக்குப் பிடிபடவில்லை.

"கால் மரக்கிறதுக்கு முன்னாடி வேற எங்கயாவது வலிச்சுதா?" என்று கேட்டேன்.

"முதுகுல சுரீர்னு கிழிச்ச மாதிரி இருந்துச்சுங்க. கொஞ்ச நேரத்துல போயிடுச்சு. அதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார் அவர்.

ரத்த அழுத்தத்தை வழக்கமாக ஒரு கையோடு விட்டுவிடுவோம். அன்று இரண்டு கைகளிலும் பார்த்தேன். வலது கையில் எகிறியிருந்தது. இடது கையில் மிகவும் குறைவு. ஸ்கேனில் விஷயம் தெரிந்தது. இதயத்திலிருந்து கிளம்பும் பெருநாடியின் உள்சுவர் கிழிந்து, சுவருக்குள்ளேயே ரத்தம் புகுந்து, காலுக்குப் போகும் கிளையை அடைத்திருந்தது. நெஞ்சுவலி என்று மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பார். உடனே அறுவைச் சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கட்டை யாரு அவுத்தா?"

"நான்தாம்பா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கூலி நெல் கூட்டிக் கேட்டு நடந்த வேலைநிறுத்தம் முடிந்து, நடவு தொடங்கிய அன்றுதான் நீ வயலில் விழுந்தாய். பாம்பு என்று உன் காலிலும் துண்டை இறுக்கிக் கட்டினார்கள். பண்ணையார் வண்டி கொடுக்க யோசித்த கதையை அப்பா சங்கத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசியிருக்கிறார். ஆனால் வண்டியில் போகும்போது "வலி தாங்கல, அவுத்து விடுங்க" என்று நீ அழுததையும், அவர் துண்டை அவிழ்த்ததையும், ஆஸ்பத்திரி வருமுன் நீ போய்விட்டதையும் யாரிடமும் சொன்னதில்லை. விஷத்தைத் தானே மேலே ஏற்றிவிட்டதாக இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார், அம்மா. கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அம்மாவுக்கு முதல்ல எங்க வலிச்சுதுப்பா?"

"முதுகுல, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுலன்னு சொன்னா. நாளெல்லாம் குனிஞ்சு நட்டா வலிக்காம என்ன செய்யும்னேன். அப்புறந்தான் கால் வரலைன்னா."

"கடிவாய் பாத்தீங்களா?"

"யாரும் பாக்கல."

உன்னைப் 'பனைமரம்' என்றுதானே ஊர் கேலி செய்தது? அப்படி நெடுநெடுவென்று, நீளக் கையும் நீள விரலுமாக இருக்கிற சிலருக்குப் பெருநாடியின் சுவர் பிறவியிலேயே பலவீனமாக இருப்பதுண்டு. பாம்பே இல்லாமலும் இருந்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அதையும் அப்பாவிடம் மறைக்கவில்லை. அந்த நோயாக இருந்திருந்தால், துண்டை அவிழ்த்ததால் ஒன்றும் ஆகியிருக்காது என்றேன்.

அவர் அதை வாய்க்கால் கணக்கில் புரிந்துகொண்டார். "தலைமடையிலயே கரை உடைஞ்சிருந்தா, கடைமடையில பலகையப் போட்டா என்ன, எடுத்தா என்ன" என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போனார்.

மறுநாள் காலை இட்லிப் பொட்டலத்தை அவர் என்னிடம் நீட்டவில்லை. நகத்தால் முடிச்சை நெருடிக்கொண்டே இருந்தார். நான் உதவப் போகவில்லை. அவர் அவிழ்த்து முடிப்பதற்குள் இட்லி ஆறிப்போனது. இருவரும் அதைத்தான் சாப்பிட்டோம்.

எனக்கு வாய்த்திருப்பதும் உன் விரல்கள்தான். வரும் திங்கட்கிழமை என் நெஞ்சையும் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன். இனி துண்டுக் கட்டோடு யார் வந்தாலும் இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்ப்பேன். முதலில் எங்கே வலித்தது என்று உன்னிடம் யாரும் கேட்காத கேள்வியை, அவர்களிடம் கேட்காமல் விடமாட்டேன்.

உன் விரல்களோடு பிறந்த மகள்,
தமிழ்ச்செல்வி