ஞாயிற்றுக்கிழமை திறந்த வாட்ச்

இயேசு மரி சூசை துணை

எண்ணூர்,
14-7-1969.

விசாகப்பட்டினத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு ஐரீன் எழுதிக்கொண்டது.

டோரதிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. பள்ளிக்கூடம் போகிறாள். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தினமும் தைலம் தேய்த்துவிடுகிறேன். முறைக்கு எழுத வேண்டியதை எழுதியாயிற்று. உங்கள் சௌக்கியத்தை இந்தக் கடிதத்தில் நான் கேட்கப் போவதில்லை.

வேறொன்று கேட்கிறேன். ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, லீவு முடிந்து நீங்கள் ரயிலேறுவதற்கு முந்தின நாள், டோரதியும் நானும் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் என் வாட்சைத் திறந்தீர்களா இல்லையா? இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பிரசவம் கெட்டுப்போனது என்று முன்னமே இரண்டு வரி எழுதியிருந்தேன். இப்போது முழுக்க எழுதுகிறேன். நீங்கள் முழுக்கப் படிக்க வேண்டும்.

பூசை முடிந்து வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தேசம்மாவின் புருஷன் சைக்கிளில் வந்து நின்றான். அவளுக்கு இடுப்புவலி எடுத்துவிட்டது என்றான். எனக்கு அன்று லீவு நாள். ஆனால் முதல் பிரசவம், ஏழு மாதமாக நான் பார்த்துவந்த பெண். பையை எடுத்தேன். அலமாரித் தட்டிலிருந்து வாட்சை எடுத்தேன். அவசரத்தில் வார் மாட்டவில்லை. நீங்கள் என் கையைப் பிடித்து, நீங்களே வாரை மாட்டிவிட்டீர்கள். பத்திரமாகப் போய் வா என்றீர்கள். திறந்து மூடி ஒரு மணி நேரம்கூட ஆகாத வாட்ச் அது. எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் இந்த இடத்தில் வந்துதான் என் மனசு முட்டிக்கொண்டு நிற்கிறது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பக்கத்து வீட்டு வாட்சைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

நான் போய்ச் சேரும்போதே குழந்தையின் தலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் பிறந்துவிட்டது. பெண். நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை. கொட்டவும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருந்தது. வயிற்றைப் பிசைந்துவிட்டேன், இறுகியது. கையை எடுத்தால் தளர்ந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எங்களுக்கு நாடிதான் கணக்கு. உள்ளே ரத்தம் குறையக் குறைய நாடி வேகமாகும். அதனால் கால் மணிக்கு ஒரு தடவை அவள் கையைப் பிடித்துச் செகண்டு முள் ஒரு சுற்றுச் சுற்றும்வரை எண்ணினேன். எண்பத்து நாலு. மறுபடியும் எண்பத்து நாலு. பிறகு எண்பத்தெட்டு, தொண்ணூறு. பிள்ளை பெற்ற களைப்புக்கு அது சரியான எண். சீட்டில் எழுதிவைத்தேன்.

என் விரலுக்கு மட்டும் அது வேகமாகத்தான் பட்டது. இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். பதினோரு வருஷமாக நாடி பார்க்கிற விரல். ஏதோ ஓடுகிறது, ஓடுகிறது என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனால் பயிற்சியில் எங்கள் மேட்ரன் முதல் நாளே சொன்னது, விரலை நம்பாதே, முள்ளை நம்பு என்று. நான் முள்ளை நம்பினேன். இரண்டு மணி நேரம் நம்பினேன்.

தொண்ணூற்றாறு வந்தபோது அவளுக்கு நெற்றி சில்லிட்டு வியர்த்தது. கண் இருட்டுகிறது என்றாள். அதன் பிறகுதான் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினோம். மீன் ஏற்ற வந்த லாரியில் படுக்கவைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சுவர்க் கடிகாரத்தில் இரண்டேகால். என் கையில் மூன்றரை தாண்டியிருந்தது.

டாக்டரம்மா நாடி பார்த்தார்கள். நூற்று நாற்பது. என் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். எண்பத்து நாலு, எண்பத்தெட்டு, தொண்ணூறு. எண்ணிப் பார்த்து எழுதினாயா, உட்கார்ந்த இடத்தில் எழுதினாயா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார்கள். வாட்ச் வேகமாக ஓடுகிறது போலிருக்கிறது அம்மா என்றேன். தப்பு செய்தவர்கள் எல்லாரும் கடிகாரத்தின் மேல்தான் பழி போடுவார்கள் என்றார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தச் சீட்டைப் பார்த்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

தேசம்மா பிழைத்துக்கொண்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். இருபது வயது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து சோறு தின்னாமல் படுத்ததைப் பார்த்தீர்கள். ஒரு கேஸ் கஷ்டமாகிவிட்டது என்றேன். நீங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். வாட்ச் லாரியில் எங்கேயோ இடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து நான் அதைக் கழற்றி டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள். மறுநாள் காலை ரயிலேறிவிட்டீர்கள்.

போன வியாழக்கிழமைதான் அந்த வாட்சைத் தண்டையார்பேட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஹபீபுல்லா பாய் என்று ஒருவர், முப்பது வருஷமாக வாட்ச் ரிப்பேர் பார்க்கிறவர். பின்மூடியைத் திறப்பதற்கு முன்பே விளிம்பைத் தடவிப் பார்த்து, இதைக் கடையில் திறக்கவில்லை, யாரோ வீட்டுக் கத்தியால் நெம்பியிருக்கிறார்கள் என்றார். திறந்ததும் லென்சை என் கண்ணில் வைத்துக் காட்டினார். பித்தளைத் தகட்டின் மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, ஸ்டாம்பு குத்தின மாதிரி. நடுவில் ஆடுகிற சக்கரத்துக்கு மேல் தலைமுடி கனத்தில் ஒரு சுருள் கம்பி இருக்கிறது. அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டுமாம். என் வாட்சில் எண்ணெய் பட்டு ஒட்டிக்கொண்டிருந்தன. தையல் மெஷின் எண்ணெய் என்று முகர்ந்தே சொன்னார். சுருள் ஒட்டினால் வாட்ச் குதிரை மாதிரி ஓடுமாம். அவர் கடைக் கடிகாரத்தோடு வைத்துப் பார்த்தோம். அதில் ஒரு மணி நேரம் ஆவதற்குள் என் வாட்சில் ஒரு மணி இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

அந்த முக்காலியில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். என் வாட்சின் ஒரு நிமிஷம் முக்கால் நிமிஷம்தான். நான் எண்பத்து நாலு என்று எழுதியது நூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூறு என்று எழுதியது நூற்றிருபது. நூற்றுப் பன்னிரண்டு என்று தெரிந்திருந்தால் முதல் கால் மணியிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவைக் கேட்டேன். முழங்கால் வலி என்று அன்று அவர்கள் பூசைக்கு வரவில்லை. முதலில் எனக்கொன்றும் தெரியாது என்றார்கள். பிறகு அழுதுகொண்டே சொன்னார்கள். வாசற்படியில் வெள்ளைத் துண்டை விரித்து நீங்கள் வாட்சைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தீர்களாம். அவர்களைக் கூப்பிட்டு, அம்மா, உள்ள ஒண்ணு துடிச்சிகினு கீது பாரேன் என்று காட்டிச் சிரித்தீர்களாம்.

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள், ஒரே ஒரு தடவை உள்ளே பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று. ரேடியோவைத் திறந்தீர்கள், ஸ்டவ்வைத் திறந்தீர்கள், தையல் மெஷினைப் பாகம் பாகமாகப் பிரித்தீர்கள். நான் ஒன்றும் சொன்னதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் உங்களால் இருக்க முடியாது, அது எனக்குப் பிடித்தும் இருந்தது. வாட்ச் மட்டும் வேண்டாம், அது என் தொழிலுக்கு என்றேன். பத்து வருஷம் வேண்டாம் என்றேன். சரி, ஆசை தாங்கவில்லை, திறந்துவிட்டீர்கள். திறந்ததை நான் மன்னித்துவிடுவேன். எண்ணெய் விட்டதைக்கூட, நல்லது செய்கிறோம் என்று நினைத்து விட்டிருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். ஆனால் நீங்கள் துறைமுகத்தில் பிட்டர். அவ்வளவு பெரிய எஞ்சினில் எங்கே சத்தம் மாறுகிறது என்று காதை வைத்தே சொல்கிறவர். பாய் அந்த வாட்சை என் காதில் வைத்தபோது அது தலைதெறிக்க ஓடுவது எனக்கே கேட்டது. உங்களுக்கா கேட்டிருக்காது?

உங்கள் இரண்டு கடிதங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். முதல் கடிதத்தில், உன் வாட்ச் நேரம் சரியாகக் காட்டுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். அப்போது அதை அக்கறை என்று நினைத்தேன். குப்பத்துப் பெண்ணுக்கு நேர்ந்ததை நான் எழுதிய பிறகு வந்த இரண்டாவது கடிதத்தில் வாட்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் ஆண்டவர் சித்தம், நீ மனசைத் தளரவிடாதே, உன்மேல் தப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் தூங்கினேன். யார் மேல் தப்பு என்று தெரிந்துகொண்டே ஆண்டவர் பேரை எழுதியிருக்கிறீர்கள்.

ஆபீசில் விசாரணை முடியும்வரை எனக்குப் பிரசவம் பார்க்கும் வேலை இல்லை. அம்மை குத்துகிறவர்களோடு தெருத்தெருவாகப் போய்ப் பேர் எழுதுகிறேன். எண்ணாமல் எழுதுகிற நர்ஸ் என்று பேராகிவிட்டது. போன மாதம்வரை என்னைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வந்த பெண்கள் இப்போது வீட்டுக்குள் போய்விடுகிறார்கள்.

நேற்று முகத்துவாரக்குப்பம் போனேன். உங்கள் அம்மா போகாதே என்று கையைப் பிடித்தார்கள், எம் புள்ள பேர வெளிய வுடாதம்மா என்று கெஞ்சினார்கள். போனேன். தேசம்மாவின் மாமியார் என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, வாட்ச தொறந்தவரு எங்க, அவர இட்டாந்து இங்க குந்த வை, அப்பால பேசலாம் என்றார்கள். தேசம்மா மூலையில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் சொன்னாள்: நீ எண்ணிக்கினேதாம்மா இருந்தே, என் கைய வுடவே இல்ல, நான் பாத்துகினுதானே இருந்தேன். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ஆபீசில் ஒருவரும் நம்பாததை, எல்லாவற்றையும் இழந்த அந்தப் பெண் நம்புகிறாள்.

இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு என்னை விசாரிக்கிறார்கள். பாய் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். திறந்தது யார் என்று கேட்பார்கள். நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதை என் வாயால் சொல்லவைக்காதீர்கள். நீங்களே வந்து சொல்லுங்கள்.

வந்தால் முதலில் வீட்டுக்கு வராதீர்கள். பெட்டியோடு நேரே குப்பத்துக்குப் போங்கள். தேசம்மாவின் வீட்டில் தரையில் உட்கார்ந்து, திறந்ததையும் மூடியதையும் சொல்லாமல் போனதையும் சொல்லுங்கள். அவர்கள் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அடித்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு வாருங்கள். உங்களுக்குச் சோறு எடுத்து வைத்திருப்பேன். உங்களோடு பேசுவேனா என்று எனக்கே தெரியாது. டோரதி பேசுவாள். அப்பா எப்போது வருவார் என்று தினமும் கேட்கிறாள்.

வராமல் பதில் மட்டும் போடுவதாக இருந்தால், அதில் ஆண்டவர் சித்தம் என்று எழுத வேண்டாம்.

உங்களுக்கு வாயைத் திறக்கும் தைரியத்தை மாதா தரட்டும். அதற்காகத்தான் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். எனக்காக இப்போது வேறொன்றும் கேட்பதில்லை.

இப்படிக்கு,
ஐரீன்.